மலிவு விலைக் கேமராவும் ஒரு மன்னிப்பும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின்போது, இந்நாள் மாணவர்களுக்கான அமர்வில் ஆற்றிய உரை)



"புகைப்படக் கலையைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். கலையைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் பேசப்போவது கேமரா வாங்குவதைப் பற்றி. அதிலும், எப்படி வாங்கக் கூடாது என்பதைப் பற்றி. இந்தத் துறையில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு! முடிவில் ஒருவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

1985-ஆம் ஆண்டு. நான் மூன்றாம் ஆண்டு மாணவன். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினேன். கடற்கரை நிலையத்தில் இறங்கினால் எதிரே பர்மா பஜார். அங்கே ஒரு பென்டாக்ஸ் கே1000 வாங்கினேன். பில் கிடையாது. வாரண்டி கிடையாது. "நல்லாப் பாத்து வாங்கிக்க தம்பி, அப்புறம் வந்து நிக்கக் கூடாது" என்று கடைக்காரர் முன்பே சொல்லிவிட்டார். பின்மூடியைத் திறந்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரைத் தட்டிப் பார்த்து, லென்ஸை வெயிலில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று தேடி, அரை மணி நேரம் அவர் பொறுமையைச் சோதித்தேன். அந்தக் கேமரா இருபது வருடம் உழைத்தது. ஒரு முறை ஷட்டர் மாட்டிக்கொண்டது. எங்கள் ஊர் கடிகார ரிப்பேர்க்காரர் கழற்றிப் பார்த்துச் சாயங்காலத்துக்குள் சரிசெய்து கொடுத்துவிட்டார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு ஒரு கர்வம். கம்பெனிக் கடையில் பில் போட்டு வாங்குகிறவன் ஏமாளி, விவரம் தெரிந்தவன் மலிவாக வாங்குவான் என்ற கர்வம். அதோடுதான் முப்பத்தைந்து வருடம் பலருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

2021-ல் நம் கல்லூரி மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அப்பா இல்லாத வீடு. சனி, ஞாயிறுகளில் கல்யாண ஸ்டுடியோக்காரர் ஒருவருக்கு உதவியாளராகப் போய்க்கொண்டிருந்தார். சொந்தமாகக் கேமரா இருந்தால் தனியாகவே ஆர்டர் பிடிக்கலாம். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் பணத்தோடு வந்திருந்தார். அவர் கேட்ட மாடல் கம்பெனிக் கடையில் 60 ஆயிரம். ஒரு பெரிய இணையதளத்தில் அதே மாடலை ஒரு விற்பனையாளர் 48 ஆயிரத்துக்குப் போட்டிருந்தார். "இது எப்படி சார்?" என்று கேட்டார். "இம்போர்ட்டட் பீஸ் தம்பி, சரக்கு ஒண்ணுதான், தைரியமா வாங்கு" என்றேன் நான்.

நான் சொன்னதில் பாதி உண்மை. கிரே மார்க்கெட் கேமரா என்றால் போலிக் கேமரா என்று அர்த்தமில்லை. அதே தொழிற்சாலையில் செய்த அசல் சரக்காகவே இருக்கலாம். ஆனால் ஹாங்காங்கிலோ ஜப்பானிலோ விற்பதற்கென்று அனுப்பிய பெட்டி, கம்பெனி இந்தியாவில் நியமித்திருக்கும் இறக்குமதியாளர் வழியாக வராமல் வேறு கை மாறி வந்து சேர்கிறது. நாட்டுக்கு நாடு விலை வித்தியாசம் உண்டு, நாணய மாற்றில் ஆதாயம் உண்டு. சில சமயம் சுங்கத் தீர்வையும், கேமராவுக்கு உள்ள 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்டாமலே வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்ற பிறகு பழுது பார்த்துக் கொடுக்கிற செலவு அந்த விலையில் இல்லை. அதனால்தான் மலிவு.

பெட்டி வந்தது. இந்திய இறக்குமதியாளரின் பெயர் ஒட்டிய சீட்டு அதில் இல்லை. கம்பெனி வாரண்டி அட்டைக்குப் பதிலாக, "விற்பனையாளர் வாரண்டி ஓராண்டு" என்று அச்சடித்த ஒரு தாளும் ஒரு கைபேசி எண்ணும் இருந்தன. பில்லில் "கேமரா உதிரிப் பொருள்கள்" என்று போட்டிருந்தது. வரிசை எண் இல்லை. மாணவர் எனக்கு எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினார். "கேமரா வேலை செய்யுதா? அப்புறம் என்ன?" என்றேன்.

வேலை செய்தது, ஆறு மாதம். ஏழாவது மாதம் ஒரு முகூர்த்தம். மாப்பிள்ளை கையில் தாலி, கெட்டிமேளம் கேட்கிறது, கேமராத் திரையில் பிழைச் செய்தி. ஷட்டர் போய்விட்டது. பக்கத்தில் நின்ற வீடியோக்காரர் தன் கேமராவைக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றினார்.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்த பெண் வரிசை எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இந்தியாவுக்கு வந்த பீஸ் இல்லைங்க, வாரண்டியில எடுக்க முடியாது" என்று மரியாதையாகத்தான் சொன்னார். விற்பனையாளரின் கைபேசி எண் உபயோகத்தில் இல்லை. இணையதளத்திலும் அந்தப் பெயர் காணாமல் போயிருந்தது. திருப்பி அனுப்பும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. புகார் எழுதலாம் என்றால், இந்தக் கேமராவைத்தான் அவர் விற்றார் என்று காட்ட பில்லில் எண் இல்லை. வெளியே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தோம். பாகம் வர ஐந்து வாரம். செலவு 14,500 ரூபாய். இடையில் இரண்டு கல்யாண வீட்டாருக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். மிச்சப்படுத்தியது 12 ஆயிரம். கணக்கு உங்களுக்கே புரியும். அடகுக் கடையில் வட்டியும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் எங்கே தவறினேன் என்று பிறகு யோசித்தேன். இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன, நான் மாறவில்லை. என் கே1000 பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் சேர்ந்த இயந்திரம். பேட்டரி வெளிச்சம் அளக்க மட்டும்தான். அது இல்லாமலேயே ஷட்டர் ஓடும். எந்த ஊரிலும் திருப்புளி பிடிக்கத் தெரிந்தவர் அதைத் திறக்கலாம். இன்றைய கேமரா ஒரு கணினி. அதன் போர்டும் சென்ஸாரும் மென்பொருளும் கம்பெனியின் கையில். கம்பெனி கதவைச் சாத்தினால் மற்றக் கதவுகள் குறைவு. இரண்டாவது, பர்மா பஜாரில் பொருள் என் கையில் இருந்தது, விற்றவர் முகம் எதிரில் இருந்தது. இணையத்தில் இரண்டும் இல்லை. பெரிய இணையதளத்தின் பெயரைப் பார்த்து நம்புகிறோம். அது சந்தை மாதிரி, கடை வேறொருவருடையது. அவர் பெயர் சிறிய எழுத்தில் கீழே இருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி வழியாக வராத அசல் பொருளை இறக்குமதி செய்து விற்பதே குற்றம் என்று ஆகிவிடாது. சாம்சங் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2012-ல் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு அப்படி விற்க அனுமதித்தது. ஆனால் இது இறக்குமதிப் பொருள், கம்பெனியின் வாரண்டியும் சர்வீஸும் இதற்கு இல்லை என்று கடையில் தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்றது. அதாவது, வாங்குகிறவர் தெரிந்து வாங்க வேண்டும். எங்கள் விஷயத்தில் விற்றவர் மறைத்தார். தெரிந்த நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே தம்பி, தங்கைகளே, நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

விலையைப் பார்ப்பதற்கு முன்னால் விற்பவர் பெயரைப் பாருங்கள். கேமராக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அங்கீகரித்த விற்பனையாளர் பட்டியல் இருந்தால் அதில் அந்தப் பெயரைத் தேடுங்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அப்படி அனுப்பி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். அது சைபர் குற்ற உதவி எண்.

பெட்டி வந்ததும் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு இவையெல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. பெட்டி, கேமரா, வாரண்டி அட்டை மூன்றிலும் வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பில்லிலும் அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கும்; தமிழ்நாட்டு எண் 33-ல் தொடங்கும். அது உண்மையா என்று ஜி.எஸ்.டி. தளத்திலேயே பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் கம்பெனியிடம் அந்த எண்ணைப் பதிவு செய்யுங்கள். இந்திய வாரண்டி இல்லை என்று பதில் வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடலாம். எங்களுக்கு அந்த ஒரு காரியம் போதுமாயிருந்தது.

மீறி ஏதாவது நடந்தால் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020 விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட ஆணையத்துக்கு நீங்கள் வசிக்கும் ஊரிலிருந்தே போகலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கையில் பணம் குறைவா? முகம் தெரிந்தவரிடம் பில்லோடு பழைய கேமரா வாங்குங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அந்த மாணவர் இன்று இந்த அரங்கில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொன்னேன். ரிப்பேர் செலவு முழுவதையும் கொடுக்கப் போனேன், பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். சங்கிலியைச் சென்ற ஆண்டு மீட்டுவிட்டார். தம்பி, "தைரியமா வாங்கு" என்று நான் சொன்னபோது பணம் உன்னுடையது, தைரியம் மட்டும் என்னுடையதாக இருந்தது. எல்லோர் முன்னிலையிலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மலிவாக ஒரு பொருள் கிடைத்தால், "கெட்டுப்போனால் யார் பதில் சொல்வார்?" என்று ஒரு முறை கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால், அந்தத் தள்ளுபடி நீங்கள் பின்னால் கொடுக்கப்போகிற பணம்தான்.