விமானப் புகைக்கும் கணக்கு உண்டு!



ரமளான் வந்துவிட்டால் கடைச் சரக்கை எண்ணி, பேரேட்டைப் புரட்டி, பைசா பாக்கியில்லாமல் ஜகாத் கணக்குப் பார்க்கிறவர்கள் நீங்கள். இன்று நான் உங்களிடம் கேட்பது வேறொரு கணக்கு. நீங்கள் ஏறிப்போகும் விமானம் வானத்தில் விட்டுச் செல்லும் கரியமில வாயுவில் உங்கள் பங்கு எவ்வளவு?

"கண்ணுக்குத் தெரியாத புகையை எப்படி ஹஜ்ரத் நிறுப்பது?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கைபர் பேரீச்சந் தோப்புகளின் விளைச்சலை மதிப்பிட அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அனுப்பிவைத்த வரலாறு உங்களுக்குத் தெரியும். மரத்திலிருக்கும் பழத்தைத் தராசில் வைக்க முடியுமா? பார்த்து, நிதானித்து மதிப்பிட்டார்கள். குறைத்துச் சொல்லும்படி லஞ்சம் நீட்டியபோது மறுத்துவிட்டார்கள். நேர்மையான மதிப்பீடும் கணக்குத்தான்!

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு நேர்வழியில் சுமார் 4,400 கிலோமீட்டர். விமானம் சற்று வளைந்தும் போகும். எனவே போக வர 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரளவு நிரம்பிய புதிய விமானத்தில் ஒரு பயணிக்கு 100 கிலோமீட்டருக்குச் சுமார் 3 லிட்டர் எண்ணெய் செலவாகிறது. ஆக 270 லிட்டர். லிட்டர் 0.8 கிலோ, எடை 216 கிலோ. ஒரு கிலோ விமான எண்ணெய் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு. பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 680 கிலோ!

எண்ணெயைவிடப் புகை எப்படிக் கனத்தது? எண்ணெயிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்த்துக்கொள்கிறது. 12 பங்கு கரியோடு 32 பங்கு பிராணவாயு சேருகிறது.

இந்தியாவில் ஓர் ஆளுக்குச் சராசரியாக ஆண்டு முழுவதும் வருவது சுமார் 2 டன். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரே பயணத்தில் முடித்துவிடுகிறோம். பிஸினஸ் கிளாஸ் இருக்கை ஏறத்தாழ மூன்று மடங்கு இடத்தை அடைப்பதால் பங்கும் அப்படியே ஏறும். உயரத்தில் விமானம் விடும் வெண்கோடுகளும் நைட்ரஜன் வாயுக்களும் உண்டாக்கும் சூட்டையும் சேர்த்து, தொகையை இரட்டிப்பாக்கிக் கணக்கிடுவோரும் உண்டு.

ஏன் இந்தக் கணக்கு? 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெயில் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதி இல்லாமல், தங்க நிழலின்றி நடந்தவர்கள். அந்தச் சூட்டை உங்கள் ஒரு பயணம் உண்டாக்கிவிடவில்லை. ஆனால் பூமியைச் சூடாக்கும் புகையில் நம் பங்கும் கலந்திருக்கிறது. வெயிலில் முதலில் விழுகிறவன் ஏழைதான்.

உம்ரா போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? கடமையான ஹஜ்ஜுக்குப் போங்கள். பிழைப்புக்குப் போங்கள். ஆனால் ஒரே ஆண்டில் மூன்றாவது உம்ரா அவசியமா? மாதிரித் துணியைப் பார்க்க வெளிநாட்டுக்குப் பறக்கத்தான் வேண்டுமா? நான்கு கொள்முதலை ஒரே பயணத்தில் முடிக்கலாம். இடையில் இறங்கி ஏறாத நேர் விமானத்தில், சாதாரண வகுப்பில் போகலாம். உளுச் செய்யும் தண்ணீரைக்கூட வீணாக்காதே என்று படித்த சமுதாயம், 270 லிட்டர் எண்ணெயை யோசிக்காமல் எரிக்கலாமா?

அடுத்த டிக்கெட் எடுக்கும் முன் பேரேட்டின் ஓரத்தில் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். போகத்தான் வேண்டும் என்று தோன்றினால், மனநிறைவோடு போய் வாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! வஸ்ஸலாம்.