கொல்லிமலையில் ஒரு குடும்பம்



என் பாட்டி இராசிபுரத்துப் பக்கத்திலிருந்து சிறு வயதிலேயே நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். ஊரைப்பற்றி அவருக்கு அதிகமாக நினைவில்லை. வீட்டு வாசலில் நின்று பார்த்தால் நீலமாக ஒரு மலை தெரியும் என்பார். "அதுதான் கொல்லிமலை. மேலே போய் ராத்தங்கினால் காய்ச்சல் வந்து செத்துப்போவார்கள்" என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்களாம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருடைய முன்னோர்களும் சேலம், நாமக்கல், துறையூர்ப் பக்கத்துக்காரர்களாகவே இருப்பீர்கள். உங்கள் வீட்டிலும் அந்த மலையின் பேச்சு இருந்திருக்கலாம்.

அந்த மலைக்குக் குடித்தனம் நடத்தப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நான் கிறிஸ்தவன் அல்லன். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீ மிதித்தவன். ஆனாலும் இந்தக் குடும்பத்தின் கதையைப் படித்த நாள்முதல் என்னால் அதை மறக்க முடியவில்லை.

இன்று கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை இருக்கிறது, பஸ் போகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. மேலே வாழ்ந்த மக்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்று பொருள், பேச்சு நம் தமிழ்தான். கீழ்நாட்டுக்காரர்கள் சந்தை வியாபாரத்துக்கு ஏறுவார்கள், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். மலேரியாவுக்கு அவ்வளவு பயம்.

ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்தில் கட்டட வேலை கற்றவர். ஓராண்டு வெப்பநாட்டு மருத்துவமும் படித்துக்கொண்டு 1907இல் பாதிரியாராகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். முழு டாக்டர் இல்லை. நம் தோட்டத்து டிரஸ்ஸரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எவலின் என்ற பெண்மணி இலண்டனில் வசதியான வணிகர் வீட்டில் பிறந்து, ஓவியம் கற்று, பட்டுடுத்தி வளர்ந்தவர். அவர் மாப்பிள்ளையைவிட ஆறு வயது மூத்தவர். 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மலையடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்தில் இருவருக்கும் கல்யாணம். கல்யாணத்தன்றே மலையேறினார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. பெண்ணின் கல்யாண உடை நனைந்து, முள்ளில் கிழிந்து, சேறாகி, இருட்டிய பிறகே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த வீடும் ஜெஸ்ஸி தம் கையால் கட்டியதுதான். பலகைகளைக் கீழே அறுத்து மேலே சுமந்துபோய்ப் பூட்டினார். கரையான் ஏறாமலிருக்க வீட்டுக்குத் தூண் கால்கள் வைத்து, ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு வாணலியைக் கவிழ்த்து வைத்தாராம்! கரையானோடு போராடும் நம் லயத்துக்காரர்கள் இந்த யோசனையைக் குறித்துக்கொள்ளலாம்.

அந்த மலையில் அவர் கண்ட நோய்களில் கொடியது நரம்புச் சிலந்தி. கிணற்றுத் தண்ணீரோடு வயிற்றுக்குள் போகும் மிகச்சிறிய புழு அது. ஓராண்டு உடம்புக்குள்ளேயே வளர்ந்து, இரண்டு மூன்று அடி நீளத்துக்கு நூல் போலக் காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோய்க் கால் சீழ்பிடிக்கும். ஜெஸ்ஸி ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாகப் பொறுமையோடு வெளியே எடுப்பார். எத்தனை பேருக்குத்தான் எடுப்பது? காரணத்தைப் பார்த்தார். அங்கே கிணறுகள் படிக்கட்டு வைத்தவை. புண் வந்த காலோடு தண்ணீரில் இறங்கி மொள்ளுகிறார்கள். புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கின்றன. அதே தண்ணீரை அடுத்தவர் குடிக்கிறார். ஆகவே, யாரும் கால் வைக்க முடியாதபடி கிணற்றைச் சுற்றிக் கல்லால் சுவர் எழுப்பச் சொல்லிக்கொடுத்தார். இந்தியாவில் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளி 1996இல் காணப்பட்டார். நோயே இல்லை என்று 2000ஆம் ஆண்டில் சான்று கிடைத்தது. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அதை விரட்டத் தொடங்கியவர்களில் இந்தக் கொத்தனார்ப் பாதிரியாரும் ஒருவர்.

அவர் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார், பட்டுப்பூச்சி வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். மக்கள் மருந்து வாங்கிக்கொண்டார்கள், நன்றியும் சொன்னார்கள். அவருடைய மதத்தில் மட்டும் ஆண்டுக் கணக்காக ஒருவரும் சேரவில்லை. ஊர்ப் பூசாரி அதற்கு எதிராக இருந்தார். பூசாரியின் நிலையில் நின்று பார்த்தால் அவரையும் குறை சொல்ல முடியாது. முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் மலைக்கும் ஏறியது. படுத்தவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லாமல் வீட்டார் காட்டுக்கு ஓடினார்கள். பிராண்ட் தம்பதியர் பானை பானையாகக் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகப் போய்ப் புகட்டினார்கள். சாகக் கிடந்த அந்தப் பூசாரி, தம் கைக்குழந்தையான மகளை யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? பிராண்ட் குடும்பத்திடம்தான். அந்தப் பெண் குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் சிலர் அவர்களுடைய வழிபாட்டுக்கு வரத் தொடங்கினார்கள்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள்: 1914இல் பிறந்த பால், அவன் தங்கை கானி. தாய்தான் வாத்தியார். பையன் உட்கார்ந்து படிக்க மாட்டான். மரத்தின் மேல் ஏறிக்கொள்வான். அங்கேயே கணக்குப் போட்டு, தாளைக் கீழே போடுவான். அம்மா திருத்திக் கொடுப்பார். நான் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளை "உட்கார், உட்கார்" என்று அதட்டி வருகிறவன். இந்த இடத்தைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஒருநாள் மூன்று ஆட்கள் அந்த வீட்டை நோக்கி வந்தார்கள். மூவருக்கும் தொழுநோய். எந்த நோயாளியையும் தயங்காமல் தொடும் தகப்பன் அன்று கையுறை மாட்டிக்கொண்டார். புண்களைக் கழுவிக் கட்டினார். தாய் ஒரு கூடையில் உணவு வைத்துக் கொடுத்தார். பிள்ளைகளை அருகில் விடவில்லை. அவர்கள் போன பிறகு கையுறையையும் கூடையையும் எரித்தார்கள். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று கட்டளை. அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு மருந்து இல்லை. அவர்கள் செய்ததில் பிழையும் இல்லை. ஆனால் பையனின் மனத்தில் அந்தக் காட்சி தங்கிவிட்டது. சீழும் இரத்தமும் பார்த்துப் பார்த்து, "நான் ஒருபோதும் டாக்டராக மாட்டேன்" என்றும் முடிவு செய்துவிட்டான்.

1923இல் பிள்ளைகள் இருவரையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. தகப்பனும் மகனும் அதற்குப் பிறகு சந்திக்கவே இல்லை. வாரந்தோறும் கப்பல் தபாலில் கடிதம் மட்டும் வரும். மலையில் என்ன மரம் பூத்தது, என்ன பறவை வந்தது என்றெல்லாம் அப்பா எழுதுவார். 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் அந்தக் காய்ச்சலை நம் தோட்டங்களின் பழைய ஆட்களும் அறிவார்கள். அவருக்கு வயது 44. இறந்த செய்தி தந்தியில் வந்துவிட்டது. கடிதமோ கடலில் வந்துகொண்டிருந்தது. அப்பா போய்விட்டார் என்று அழுதுகொண்டிருந்த பையனுக்கு, அதன் பிறகும் அப்பாவின் கையெழுத்தில் கடிதம் வந்தது.

எவலின் அம்மையார் இங்கிலாந்துக்குப் போய் ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அவரைச் சமவெளி ஊர்களில் வேலை செய்யச் சொன்னார்கள். மலையில் கணவரோடு பேசி வைத்த ஆசை ஒன்று இருந்தது. கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன் மலை என்று சுற்றியுள்ள ஐந்து மலைகளுக்கும் போக வேண்டும் என்பது. 1947இல் அவருக்கு வயது 68. இனி ஐந்தாண்டுத் தவணை கிடையாது, ஓய்வுபெறுங்கள் என்றது சபை. ஒரே ஒரு வருஷம் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கினார். அந்த ஒரு வருஷத்துக்குள் மலையில் ஒரு குடிசைக்கு வேண்டிய சாமான்களைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டார். பிரிவுபசாரக் கூட்டம் நடந்தது. "நான் ஊருக்குப் போகப் போவதில்லை, மலைக்குப் போகிறேன்" என்றார்! சம்பளம் கொடுக்கும் சபைக்கு அதற்குமேல் அவரைக் கட்டுப்படுத்த வழியில்லாமல் போயிற்று.

அதன் பிறகும் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். மட்டக் குதிரைமேல் ஏறிக் காடு மேடெல்லாம் அலைந்தார். பலமுறை விழுந்து எலும்பு முறிந்தது. கடைசியில் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றித்தான் நடை. குச்சியில் புழுவைச் சுற்றி எடுப்பது, குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பது, கிராமத்துக்குப் போய்க் கல் சுவரில் உட்கார்ந்து தம் வேதக் கதையைச் சொல்வது, இதுதான் வேலை. ஓவியம் கற்ற அந்தக் கை, கேட்பவர்களைப் பார்த்தபடியே படமும் போடும். இலண்டன் வீட்டில் அழகி என்று பெயரெடுத்தவர், கடைசி இருபது ஆண்டுகளாக வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். 1974 டிசம்பரில் 95 வயதில் காலமானார். கணவரின் சமாதிக்குப் பக்கத்தில் அதே மலையில் அடக்கம் செய்தார்கள்.

மகன் பால் டாக்டராகாமல் தப்பித்தாரா? சில ஆண்டுகள் கொத்து, தச்சு எல்லாம் கற்றார். தந்தையைப் போலவே ஓராண்டு மருத்துவ வகுப்பில் சேர்ந்தபோது மனம் மாறிற்று. 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனவர், விரல் மடங்கி முடங்கிய ஒருவரிடம், "என் கையை அழுத்தும், பார்ப்போம்" என்று தம் கையைக் கொடுத்தார். கையுறை இல்லாமல்தான். அந்த மனிதர் பிடித்த பிடியில் டாக்டருக்கு உயிர் போயிற்று. செத்துப்போன கை என்று நினைத்ததற்குள் இவ்வளவு பலமா? உள்ளங்கையின் சிறு தசைகள்தான் செயலற்றவை, முழங்கைக்குக் கீழுள்ள தசைகள் நன்றாகவே இருக்கின்றன என்று கண்டார். நல்ல தசையின் நாரை எடுத்து விரலுக்கு மாற்றித் தைத்தார். மடங்கிய கை விரிந்தது. உலகத்தில் தொழுநோயாளியின் கைக்கு இப்படி அறுவை செய்தவர்களில் முன்னோடி அவர்தான்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவரைக் குடைந்தது. இவர்களுடைய விரல்கள் ஏன் உதிர்கின்றன? நோய் சதையை அழுகச் செய்கிறது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று திறக்கவில்லை. டாக்டர் தம் பலமெல்லாம் கொடுத்துப் பார்த்தார். ஒரு நோயாளிச் சிறுவன் சாவியை வாங்கி ஒரு திருகில் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும்படி கிழிந்து இரத்தம் கொட்டுகிறது. பையன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்! வலி தெரியவில்லை. நோய் விரலைத் தின்னவில்லை, நோய் வலியைத் தின்றுவிட்டது. வலி இல்லாதவன் சுடுசட்டியையும் விடாமல் பிடிப்பான், புண்காலோடும் நடப்பான்.

இரவு இருந்த விரல் காலையில் காணாமற்போகும் புதிரும் ஒன்று இருந்தது. இரவெல்லாம் காவலிருந்து பார்த்தார்கள். எலி! தூங்குபவரின் உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு குணமாகி வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்களாம்.

வேலூரில் ஒரு நாள் ஓர் இளைஞனைச் சோதித்து முடித்து, அவன் தோளில் கையைப் போட்டபடி சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தார். அவன் விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டான். "நான் ஏதும் தவறாகச் சொல்லிவிட்டேனா?" என்று உதவியாளரைக் கேட்டார் டாக்டர். அந்த அம்மாள் அவனிடம் கேட்டுச் சொன்னார்: "நீங்கள் தோளில் கை வைத்தீர்களே, அதற்குத்தான் அழுகிறான். பல வருஷமாக அவனை யாரும் தொட்டதில்லையாம்." கையுறையை எரித்த வீட்டிலிருந்து வந்த பையன் அவர். பால் பிராண்ட் 2003இல் காலமானார்.

இதையெல்லாம் ஒரு நாள் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமலிருந்து, பிறகு ஒரு கதை சொன்னார். அவர் இளம் வயதில் பால் மரம் வெட்டிய தோட்டத்தில், பக்கத்து லயத்துக்காரர் ஒருவருக்கு இந்த நோய் வந்தது. சுங்கை பூலோவுக்கு அழைத்துப் போகும் வரை அவரை வெற்று மாட்டுக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். பாட்டி தினமும் தகரக் குவளையில் தேநீரும் இலையில் சோறும் கொண்டுபோய்ப் பாலத்துக் கட்டையில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று கூப்பிடுவாராம். அவர் போன பிறகு அந்தக் குவளையைப் புதைத்துவிட்டார்கள். "ஒரு நாளாவது கையில் கொடுத்திருக்கலாம்" என்றார் பாட்டி. "கொடுத்திருந்தால் உங்களுக்கும் தொற்றியிருக்கலாம், பாட்டி" என்றேன். "இருக்கட்டுமே" என்று எழுந்து போய்விட்டார்.

நேயர்களே, இன்று அந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. 1980களிலிருந்து கூட்டு மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. ஆறு மாதமோ ஒரு வருஷமோ விடாமல் சாப்பிட்டால் முற்றும் குணமாகும். மாத்திரை தொடங்கிச் சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றும் தன்மை போய்விடும். வீட்டை விட்டு யாரையும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் பிள்ளையின் தோலில் வெளிறிய தேமலோ சிவந்த தேமலோ இருந்தால், கண்ணை மூடச் சொல்லி, ஒரு கோழி இறகால் அங்கே தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் அரிசி அலம்பிய தண்ணீர், மந்திரம், பத்தியம் என்று நாளைக் கடத்தாமல், அன்றைக்கே அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துப் போங்கள்.