வழியில்லா இடத்துக்கு வழித்திட்டம்

(சித்தன்னவாசலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாலை செல்லாத தொலைநிலத்துக்குப் புறப்படுபவன் முன்கூட்டி எண்ண வேண்டியவை யாவை என்பதே இன்றைய பொருள். வடதுருவத்தை அடுத்த பனிநிலக் காடுகளுக்குச் செல்வோரின் கவலை இது என்று தோன்றலாம். ஆயினும் இதனைப் பேசுதற்குச் சித்தன்னவாசலைப் போலப் பொருத்தமான இடம் அரிது.

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இக்குன்றின் மேற்குப் பக்கத்தில் அறிவர் கோயில் இருக்கிறது. ஓவியம் காண வருவோர் பலரும் அங்குதான் வருகின்றனர். கிழக்குப் புறத்து ஏழடிப்பட்டத்துக்கோ வண்டி வாராது. பாறையில் ஏறி, முகட்டைக் கடந்து, விளிம்பை ஒட்டி ஒதுங்கி நடந்தே சேர வேண்டும். கால் ஊன்றுதற்கு வெட்டப்பட்ட ஏழு குழிகளே அவ்விடத்துக்குப் பெயர் தந்தன. உள்ளே 17 கற்படுக்கைகள். தலை வைக்கும் பகுதி மட்டும் சற்றே உயர்ந்திருக்கும். அவற்றுள் பெரியதன் அருகே கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் காணப்படுகின்றன. எருமி நாட்டுக் குமுழூரிற் பிறந்த கவுடி என்பவருக்குச் சிறுபோசில் இளயர் இருக்கை அமைத்துக் கொடுத்தார் என்பது ஐராவதம் மகாதேவனின் வாசிப்பால் பெறப்படும் பொருள். எருமை நாடு என்பதை மைசூர்ப் பகுதியாக ஆய்வாளர் கொள்வர்.

அங்ஙனமாயின், வடபுலத்திற் பிறந்த ஒருவருக்கு இக்குன்று தொலைதூரத் தென்கோடி. சமணத் துறவியர் ஊர்தி ஏறார்; உணவைச் சேர்த்து வையார்; மழைக்காலத்தில் ஓரிடத்தே தங்குவர். இம்மூன்று நோன்பும் சேர்ந்தால் ஒரு பயணத்திட்டம் தானே உருவாகும். தங்குமிடம் தனித்திருக்க வேண்டும். ஆயினும் பிச்சைக்கு நடந்து செல்லும் தொலைவில் ஊர் இருக்க வேண்டும். மழை உள்ளே புகலாகாது. நீர் அருகே வேண்டும். கிழக்குச் சரிவில் நாவல் மரத்தாற் பெயர் பெற்ற நாவற்சுனை உண்டு. குன்றைச் சூழ்ந்து பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் பல உள்ளன. மக்கள் தொன்றுதொட்டே இப்பக்கம் வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்று. தனிமையும் மக்கள் துணையும் ஒருங்கே அமைந்த இடத்தையே துறவியர் தேர்ந்தனர் எனலாம். கல்வெட்டு நினைவில் நிறுத்துவது வந்தவரின் பெயரை மட்டுமன்று. அவருக்காகக் கல்லை இழைத்துக் கொடுத்தவரின் பெயரையும் சேர்த்தே நிறுத்துகிறது.

இவ்வகை முன்னறிவைத் தமிழர் ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தனர். ஆற்றுப்படை என்பது அது. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி கூறுவதாக அமைந்தாலும், மலைபடுகடாத்தில் புகழுரைக்கு நிகராகப் பாதையின் இடர்களும் பேசப்படுகின்றன. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனம் காப்போர் விடும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, வழுக்கும் பாறையில் எதனைப் பற்றிக்கொள்வது, இருட்டினால் எங்கே தங்குவது என்றெல்லாம் பெருங்கௌசிகனார் கூறிச் செல்வார். நன்னனின் கொடைச்சிறப்பு எவ்வளவு பெரிதாயினும், வழியில் மாண்டவனுக்கு அதனாற் பயனில்லை என்ற தெளிவு அப்புலவர்க்கு இருந்தது.

சிலப்பதிகாரம் இந்தப் புதுக்கோட்டைச் சீமைக்கே வருகிறது. கொடும்பாளூரில் சூலத்தின் முனைகள் போல வழி மூன்றாகப் பிரிகிறது என்று மாங்காட்டு மறையோன் கூறுகிறான். வலப்புற வழியின் தன்மையைச் சொல்கிறான். இடப்புற வழியில் உள்ள பொய்கைகளின் வியப்பைச் சொல்கிறான். நடுவழி எளியது, ஆயினும் மயக்கும் தெய்வம் ஒன்று அங்குண்டு என எச்சரிக்கிறான். கவுந்தியடிகள் பொய்கைகளின் வியப்பில் மனம் வையாமல் நடுவழியைத் தேர்கிறார். பின்னர்ப் பகல் வெம்மையைக் கண்ணகி தாங்காள் என்றுணர்ந்து இரவில் நடக்கின்றனர். வியப்பை விலக்குதல், மெலிந்தவரின் ஆற்றலை அளவாகக் கொள்ளுதல், காலத்துக்கேற்ப நேரத்தை மாற்றுதல் ஆகிய மூன்றும் இன்றும் மாறாத பயண இலக்கணங்கள்.

இவ்விலக்கணத்தைக் கனடாவின் வடகோடியில் வைத்துப் பார்க்கலாம். எல்சுமியர் தீவிலுள்ள குட்டினிர்பாக் தேசியப் பூங்கா 37,775 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இனுயிட் மக்களின் மொழியில் அப்பெயருக்கு உலகின் உச்சி என்று பொருள். சாலை இல்லை. ரெசலூட் என்னும் சிற்றூரிலிருந்து தனியே அமர்த்திய சிறுவிமானத்திற் செல்ல வேண்டும். வானிலை கெட்டால் விமானம் குறித்த நாளில் வாராது. ஆகவே மிகையான நாட்களுக்கும் உணவு வேண்டும். மரம் இல்லாமையால் அடுப்புக்கு எரிபொருளும் கொண்டு செல்ல வேண்டும். புறப்படுமுன் பதிவு செய்ய வேண்டும். திரும்பியதும் தெரிவிக்க வேண்டும்.

இவ்விதிகளுக்குப் பின்னால் துயரம் உண்டு. 1881இல் கிரீலி என்னும் அமெரிக்கப் படைத்தலைவர் 25 பேர் கொண்ட குழுவுடன் இன்றைய பூங்காவுக்குள் அடங்கும் காங்கர் கோட்டையில் தங்கினார். 1882இல் வரவேண்டிய உதவிக்கப்பல் வந்து சேரவில்லை, 1883இலும் வரவில்லை. முன்னரே வகுத்த திட்டப்படி அக்குழு கோட்டையை விட்டுப் படகுகளில் தெற்கே வந்தது. அங்கே வைக்கப்பட்டிருந்த உணவோ மிகச் சிறிது. பட்டினியில் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். 1884 சூனில் மீட்கப்பட்டவர் எழுவர். அவருள்ளும் ஒருவர் விரைவில் இறந்தார். ஊர் திரும்பியோர் அறுவரே. திட்டம் இல்லாமையால் அவர்கள் மாளவில்லை. திட்டத்தின் மறுமுனையை ஏற்றவர்கள் அதனை நிறைவேற்ற இயலாமையாலேயே மாண்டனர். இளயரின் கல் இருக்கையும் வாராத கப்பலும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்.

ஆகவே வழித்திட்டத்தின் முதல் வினா, யாருடைய சொல்லை நம்பிச் செல்கிறோம் என்பது. இரண்டாவது, நீரும் காலமும் எவ்வாறுள என்பது. மூன்றாவது, நம்முள் மெலிந்தவர் யார் என்பது. நான்காவது ஒன்றும் உண்டு: சென்ற இடத்தில் எதனை விட்டு வருகிறோம் என்பது. ஏழடிப்பட்டத்தில் பிற்காலத் துறவியரின் பெயர்களும் உள்ளன. திருநீலன், திருப்பூரணன் போன்றோர் அங்கு வாழ்ந்து நோற்றதை அவை காட்டும். ஒரு பொழுது வந்து செல்பவர் கீறும் பெயருக்கு அத்தகைய உரிமை இல்லை. கீழே அறிவர் கோயிலின் ஓவியத்திலும் பெரும்பகுதி அழிந்துவிட்டது; எஞ்சியது விதானத்திலும் தூண்களிலும் சிற்சில பகுதிகளே. எளிதில் அடையும் இடத்தில் காவல் வேண்டும். அரிதில் அடையும் இடத்தில் அடக்கம் வேண்டும்.

தாமரைக் குளத்தை விதானத்தில் எழுதியவன், அதனைப் பின்னர் வருவோரும் காண்பர் என்று நம்பியே எழுதினான். அந்நம்பிக்கையில் நம் பங்கு இன்னும் முடியவில்லை. ஏழடிப்பட்டத்துக்குச் செல்வோர் காலையிலேயே புறப்படுக; நீர் கொண்டு செல்க; முதியோருக்குக் கை கொடுக்க; கொண்டு சென்றதனைத் திரும்பக் கொணர்க; கல்லைக் கல்லாகவே விட்டு வருக.