ராமேஸ்வரம் போகிறோம், கடலையும் பார்ப்போம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஐப்பசி மாதச் சந்திப்பில் பேசியது)



பொங்கல் விடுமுறைக்கு ராமேஸ்வரம் போக வேன் பேசியாகிவிட்டது. "உங்க ஊர்ப்பக்கம்தானே மேடம், நாலு வார்த்தை சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பிறந்து வளர்ந்தது ராமநாதபுரம். அம்மாவுக்குப் பாம்பன். தினமும் சாயங்காலம் லிஃப்ட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சைக்கிள் விடும் பிள்ளைகளை "மெதுவா போ, விழுந்துருவே" என்று அதட்டுகிறாரே, அவர்தான் என் அம்மா.

அக்னி தீர்த்தம், கோயிலுக்குள் 22 தீர்த்தம், தரிசனம், கலாம் நினைவிடம், தனுஷ்கோடியில் நாலு போட்டோ, ராத்திரி ரயில். இதுதான் எல்லோருடைய ராமேஸ்வரப் பட்டியலும். நான் அந்த மண்ணில் பிறந்தவள். எனக்கும் போன ஆடி வரைக்கும் அதே பட்டியல்தான். ஐம்பது வயதில் என் கால் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. காரணம் அம்மா.

1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி வந்த புயல் உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் தனுஷ்கோடி ஓர் ஊர். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், தலைமன்னாருக்குக் கப்பல் எல்லாம் இருந்தன. ஒரே ராத்திரியில் எல்லாம் போனது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. பிறகு அரசாங்கமே அது மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்துவிட்டது. அம்மாவுக்கு அப்போது பத்து வயது. ஓட்டு வீட்டுக் கூரை போய், இடுப்பளவு தண்ணீரில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து விடியும்வரை இருந்தார்களாம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான்: அக்னி தீர்த்தத்தில் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு, உடனே கரை.

இப்படி ஒரு வீட்டில், போன ஆனியில் என் மகள் போன் செய்தாள். "அம்மா, ராமேஸ்வரம் போறேன். கைட்சர்ஃபிங் கத்துக்கப் போறேன்."

பெரிய பட்டத்தைப் பறக்கவிட்டு, அதன் இழுவையில் பலகைமேல் நின்று கடலில் சறுக்குவதுதான் கைட்சர்ஃபிங். இந்த ஆசை அவளுக்கு வந்தது ராமேஸ்வரத்தில் இல்லை. ஆபீஸ் வேலையாக ஸ்பெயின் போனவள், பாஸ்க் பகுதியில் முந்தாகா என்ற ஊருக்கு ஒரு நாள் போயிருக்கிறாள். இரண்டாயிரம் பேர்கூட இருக்கமாட்டார்கள், மீன்பிடி ஊர். கடலோரத்தில் ஒரு பழைய தேவாலயம். அதன் முன்னால் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் எழும் அலை உலகப் புகழ்பெற்றதாம். சர்ஃபிங் பண்ணுகிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். "அந்தச் சின்ன ஊருக்கு அலைக்காகவே வர்றாங்கம்மா. நம்ம ஊர்ல கடலுக்கு முதுகைக் காட்டிட்டு செல்ஃபி எடுக்கிறோம்" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் கூடப் போனேன். எப்படியாவது தடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான், மறைப்பானேன்.

அங்கே சர்ஃபிங் ஏன் இல்லை, கைட்சர்ஃபிங் ஏன் இருக்கிறது என்பதைப் போன பிறகுதான் புரிந்துகொண்டேன். அலைச்சறுக்குக்கு வெகு தூரத்திலிருந்து தடையில்லாமல் வரும் அலை வேண்டும். முந்தாகாவுக்கு அட்லாண்டிக் இருக்கிறது. நம் சென்னைப் பக்கத்துக் கோவளத்துக்கு வங்காள விரிகுடா இருக்கிறது. அதனால்தான் மீனவரான மூர்த்தி மேகவன் அங்கே சர்ஃபிங் பள்ளி தொடங்க முடிந்தது, மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அதில் பேர் வாங்க முடிந்தது. ராமேஸ்வரத்துக்கு வடக்கே உள்ள பாக் நீரிணைக்கு அந்த வசதி இல்லை. ஒரு பக்கம் இலங்கை, இன்னொரு பக்கம் ராமர் பாலத்து மணல்திட்டுகள். பெரிய அலை உள்ளே வர வழியில்லை. ஆழமும் குறைவு. ஆனால் காற்று இருக்கிறது. வைகாசி முதல் ஆவணி தாண்டும்வரை தென்மேற்கிலிருந்து கச்சான், மார்கழி முதல் மாசிவரை வடகிழக்கிலிருந்து வாடை. தட்டையான தண்ணீர், நிற்காத காற்று. கைட்சர்ஃபிங் கற்றுக்கொள்ள இந்த இரண்டும்தான் வேண்டும். குவெஸ்ட் என்ற சாகச விளையாட்டு அகாடமி ராமேஸ்வரத்தில் இடம் பிடித்ததும் இதனால்தான்.

எங்கள் ஊரில் வடக்குக் கடலைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். அமைதியானது ஒன்று, முரட்டுத்தனமானது ஒன்று. (பெயர் வைத்தவர்கள் ஆண்களாகத்தான் இருக்கும்.) ஆனால் வாடை அடிக்கும்போது பெண் கடல்தான் பொங்கும், ஆண் கடல் பெட்டிப்பாம்பாகக் கிடக்கும். நீங்கள் போகப்போவது தை மாதம். பெயரை நம்பி வடக்குக் கடலில் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள்.

முதல் நாள் முழுக்கக் கரையில்தான் பாடம். பட்டத்துக்கு நம் ஹாலில் பாதி அகலம் இருக்கும், முன்விளிம்பில் காற்றடிக்கிற குழாய். இருபது மீட்டருக்கு மேல் நீளமான கயிறுகள், இடுப்பில் வார்க்கச்சை. ஆபத்து என்றால் ஒரே இழுப்பில் பட்டத்தின் பிடியை விடுவிக்கும் கொக்கி. பயிற்சியாளர் அதையே இருபது தடவை செய்ய வைத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் ஆளை உள்ளே கொண்டுபோய்விடும், கடலிலிருந்து நேராகக் கரைக்கு அடித்தால் தூக்கி மண்ணில் போடும். கரைக்குச் சாய்வாக அடிக்கிற இடத்தைத் தேடித்தான் இறங்குகிறார்கள். அதனால் தினமும் காலையில் இடம் மாறும்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவள் தண்ணீரில் இருந்தாள். பலகையில் ஏறுவதும் விழுவதுமாகக் கரையிலிருந்து வெகு தூரம் போய்விட்டாள். திடீரென்று பட்டம் தண்ணீரில் விழுந்தது. ஆளைக் காணோம். நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏன் தாயி பதறுதீக? அங்கன இடுப்புத் தண்ணிதான். எந்திரிச்சு நிப்பா பாருங்க" என்றார்.

எழுந்து நின்றாள். சரியாக இடுப்பளவு. கையை ஆட்டினாள்.

நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெரியவர் வலையை விட்டுக் கையை எடுக்காமலே சொன்னார்: "ஆழமில்லாத கடல்னு சும்மா நினைக்கக் கூடாது தாயி. புயல் வந்தா தண்ணி போக இடமிருக்காது, ஊருக்குள்ளதான் வரும். அறுவத்தி நாலுல அப்படித்தான் வந்துச்சு." என் மகளைக் காப்பாற்றிய அந்த இடுப்பளவுத் தண்ணீரும், பத்து வயது அம்மாவைப் பயமுறுத்திய இடுப்பளவுத் தண்ணீரும் ஒரே கடலின் ஒரே குணம்தான். ஐம்பது வருடம் அந்தக் கரையில் இருந்தும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி மகள் முந்தாகாவைப் பற்றி இன்னொரு விஷயம் சொன்னாள். அந்த அலை எழுவது ஆற்றுமுகத்தில் படிந்த மணல்திட்டினால். ஒரு கப்பல் கட்டும் தளத்துக்காக ஆற்றைத் தூர்வாரியதில் மணல் இடம் மாறி, அலை காணாமல் போய்விட்டது. 2005இல் அங்கே நடக்க வேண்டிய உலகச் சர்ஃபிங் போட்டியையே ரத்து செய்தார்கள். சில வருடம் கழித்து மணல் திரும்பப் படிந்த பிறகுதான் அலை வந்தது. தனுஷ்கோடியும் மணல்தான், வேறொன்றும் இல்லை. அரிச்சல்முனை ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வடிவம் எடுக்கும். 2017இல் சாலை திறந்த பிறகு முனை வரைக்கும் காரில் போகிறோம். முனையில் நின்று பார்த்தால் இரண்டு கடலும் எதிரெதிராக வந்து மோதுவது தெரியும். அங்கே இழுவை அதிகம். தயவுசெய்து யாரும் இறங்க வேண்டாம். என் மகளே அங்கே இறங்கவில்லை.

தை மாதம் பூநாரைகள் இருக்கும். தனுஷ்கோடிக் காயலில் ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாக நின்று மேயும். 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும். கிட்டே போனால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். பறக்கும்போது போட்டோ நன்றாக வரும் என்று கைதட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் வேனிலிருந்து யாரும் தட்டாதீர்கள். டிரோன் வைத்திருக்கும் பி பிளாக் தம்பி அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.

மற்றபடி சுருக்கமாக: தனுஷ்கோடிக்குக் காலையில் போய்விடலாம், சாயங்காலத்துக்குள் திரும்பச் சொல்லிவிடுவார்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும், காலி பாட்டில் திரும்ப வேனுக்கே வரட்டும். பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. போகிறபோக்கில் பார்த்துக்கொள்ளுங்கள், 1914ஆம் வருடத்துப் பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில்தான் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப்பாலத்தைக் கட்டினார்கள். யாருக்காவது கைட்சர்ஃபிங் ஆசை இருந்தால் ஒரு நாள் போதாது, குறைந்தது மூன்று நாள் தனியாகப் போக வேண்டும். நீச்சல் தெரிந்திருப்பது நல்லது. கரையில் காத்திருக்கும் அம்மாக்களுக்குக் குடையும் தைரியமும் வேண்டும். குடை நான் தருகிறேன்.

மகள் சறுக்கிய வீடியோவை அம்மாவிடம் காட்ட எனக்கு ஒரு மாதம் ஆனது. பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். போன வாரம் நோட்டீஸ் போர்டில் வேன் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து, "என் பேரையும் எழுது" என்றார். 1964க்குப் பிறகு தனுஷ்கோடிப் பக்கம் போகாதவர். "முனை வரைக்கும் வருவேன், வண்டியை விட்டு இறங்குவேனான்னு அங்க போய்த்தான் சொல்லுவேன்" என்று நிபந்தனை வேறு.

வேனில் இன்னும் மூன்று இடம் இருக்கிறது. வருகிறவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முன்சீட்டை மட்டும் யாரும் கேட்காதீர்கள். அது அம்மாவுக்கு.