குற்றவியல் படிப்பும் நம் பிள்ளைகளும்

(திருப்பதியில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் சிலர் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படிக்க ஆசைப்படுகிறார்கள். "போலீசுக்கும் நமக்கும் ஏழாம் பொருத்தம், நமக்கு எதற்கு அந்தப் படிப்பு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நமக்குத்தான் அது வேண்டும் என்கிறோம். காரணம் இந்தத் திருமலையைச் சுற்றியுள்ள காட்டிலேயே இருக்கிறது.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரை ஆந்திர அதிரடிப் படை சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. உடன் வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு போனார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள்.

இதில் எது உண்மை? குண்டு எவ்வளவு தூரத்திலிருந்து பாய்ந்தது, முன்புறமா பின்புறமா, உடலில் வேறு காயம் உண்டா என்பதைத் தடயவியல்தான் சொல்ல முடியும். அதனால்தான் மறு பிரேதப் பரிசோதனை கேட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

அதற்கு ஆறு மாதம் முன்னதாகவே, 2014 செப்டம்பர் 23-ல், உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்திருந்தது. மோதல் சாவு நடந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையமோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை நடத்த வேண்டும். விதி இருந்தது. ஆனால் ஜவ்வாது மலைக் குடிசையில் அதை எடுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்?

செம்மரம் கடத்துவது குற்றம்தான். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் வெட்டுகிறவனுக்குக் கிடைப்பது கூலி; லாபம் போவது கடத்தல் முதலாளிக்கு. குண்டு மட்டும் கூலிக்காரனுக்கா? ஏழையின் குற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் மேல்தட்டின் குற்றம் தப்பிவிடும் என்பதை 1939-லேயே அமெரிக்க அறிஞர் சதர்லாந்து எடுத்துக்காட்டினார். 'வெள்ளைக் காலர் குற்றம்' என்ற பெயரும் அவர் தந்ததே.

நம் நாட்டில் 1871-ல் வெள்ளையன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பிலேயே மக்களைக் குற்றவாளிகளாக்கியது. 1952-ல் அது முற்றாக ஒழிந்தது. பார்வை ஒழிந்ததா? பிழைக்கப் போன ஊரில் சந்தேகம் முதலில் விழுவது அயலூர்க் கூலிக்காரன் மேல்தானே!

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறைகள் உண்டு. பட்டம் வாங்கினால் போலீஸ் வேலை தானாக வந்துவிடாது; தமிழ்நாட்டில் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். இந்தப் படிப்பின் பயன் வேறு. குற்றம் ஏன் நிகழ்கிறது, விசாரணை எப்படி நடக்க வேண்டும், சிறையில் என்ன நடக்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன உரிமை என்பதை அது கற்றுத் தருகிறது. படித்தவர் காவல்துறைக்கும் போகட்டும், சிறைத்துறைக்கும் போகட்டும், சட்டம் படித்து வழக்காடவும் வரட்டும்.

அதுவரை ஒன்றை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்வோம். அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

தோழர்களே, நம்மைப் பற்றிய வழக்குக் கட்டுகளை இதுநாள்வரை மற்றவர்களே எழுதினார்கள். இனி அவற்றைப் படிக்கவும், தவறிருந்தால் மறுத்து எழுதவும் நம் வீட்டுப் பிள்ளைகள் வேண்டும். செலவுக்குத் தயங்கும் குடும்பங்கள் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து வழி தேடுவோம்.