பெட்டிக்குள் இருப்பது பத்திரம், பெட்டியே குப்பையானால்?



சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போனவர்கள், அங்கே ஒரு கூடத்தில் சீனக் கிண்ணங்கள் நூற்றுக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கிண்ணங்களை ஏற்றிக்கொண்டு சீனாவிலிருந்து புறப்பட்ட ஓர் அரபு வகைக் கப்பல், இந்தோனீசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிப் போனது. 1998ஆம் ஆண்டில் அது கண்டுபிடிக்கப்பட்டபோது ஏறத்தாழ 60,000 பொருட்கள் கிடைத்தன. பெரும்பாலானவை கைக்கு அடக்கமான கிண்ணங்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடலுக்கடியில் கிடந்தும் அவற்றில் ஆயிரக்கணக்கானவை உடையாமல் மேலே வந்தன. காரணம், அவற்றை அடுக்கிய விதம். பெரிய ஜாடிகளுக்குள் கிண்ணங்களைச் சுருள் வட்டமாக, ஒன்றோடொன்று அணைத்தாற்போல் அடுக்கியிருந்தார்கள். அசைவதற்கு இடமே இல்லை. பிளாஸ்டிக் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் நடந்த வேலை அது.

இன்றைய நிலை என்ன? இணையக் கடையில் ஒரு கண்ணாடிக் குவளை வாங்குகிறோம். இரண்டு நாளில் பெட்டி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. திறந்தால் காற்றடைத்த பைகள், குமிழித் தாள், வெள்ளை நுரைக்கட்டி. இவற்றையெல்லாம் விலக்கிய பிறகுதான் குவளை கண்ணில் படுகிறது. குவளை அலமாரிக்குப் போகிறது. மற்றவை நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. சிங்கப்பூரில் வீடுகளிலிருந்து வீசப்படும் குப்பையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பொருட்களைச் சுற்றி வந்த உறைகளும் பெட்டிகளும்தான்.

பிளாஸ்டிக்கை ஏன் விரும்பினார்கள்?

குற்றம் சொல்வதற்கு முன் பிளாஸ்டிக்கின் பக்க நியாயத்தையும் கேட்டுவிடலாம். குமிழித் தாள் பிறந்ததே தற்செயலாகத்தான். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்ய முயன்றார்கள். அது விலைபோகவில்லை. பிறகு கணினிகளை அனுப்பும்போது சுற்றிவைக்க அதே தாள் உதவியது. அன்றிலிருந்து அதற்கு ஏறுமுகம்தான்.

வெள்ளை நுரைக்கட்டியின் கதையும் அப்படித்தான். போலிஸ்டைரின் நுரையில் 98 விழுக்காடு வெறும் காற்று. எடை கிடையாது, ஈரம் ஏறாது, விலையும் மலிவு. ஆனால் அதே குணங்கள்தான் பிறகு தொல்லையாகின்றன. எடை இல்லாததால் அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு ஏற்றிச் செல்லும் செலவு கட்டுப்படியாவதில்லை. உதிர்ந்தால் மணி மணியாகச் சிதறி, சாக்கடை வழியே கடலுக்குப் போய்விடுகிறது.

அடி எப்படித் தாங்கப்படுகிறது?

பொருளைக் காப்பது உண்மையில் பிளாஸ்டிக் அல்ல. நின்று நசுங்கிக் கொடுக்கும் தன்மை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பாட்டில் சிமெண்டுத் தரையில் மோதினால் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். அப்போது அதன்மேல் பாயும் விசை அதன் எடையைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு. இடையில் 3 சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுக்கும் மெத்தை இருந்தால் அந்த விசை சராசரியாக முப்பது மடங்கு சொச்சமாகக் குறைந்துவிடுகிறது. நசுங்கிக் கொடுப்பது பிளாஸ்டிக்காகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மாற்றுப் பொருட்கள் எவை?

முதலாவது, நெளிவு அட்டை. இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஒட்டிய அட்டை. பாட்டில்களையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்றிவைக்க நெளிவுத் தாளுக்கு அமெரிக்காவில் 1871ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெறப்பட்டது. இன்று தேன்கூடு போல் விரியும் தாள் சுருள்களும் கிடைக்கின்றன. இழுத்து விரித்துச் சுற்றினால் குமிழித் தாளின் வேலையைச் செய்கின்றன.

இரண்டாவது, காகிதக்கூழ் அச்சு. முட்டைத் தட்டு எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். பழைய காகிதத்தை ஊறவைத்து, கூழாக்கி, அச்சில் வார்த்து உலர்த்துகிறார்கள். கைத்தொலைபேசி முதல் கணினி வரை இன்று இந்தத் தட்டில்தான் உட்கார்ந்து வருகின்றன.

மூன்றாவது, காளான் வேர். உமி, தக்கை போன்ற விவசாயக் கழிவில் காளானின் நூல்வேரைப் பரவவிட்டால், சுமார் ஒரு வாரத்தில் அது அச்சின் வடிவத்துக்குக் கட்டியாக இறுகிவிடும். பிறகு சூடேற்றி உலர்த்தினால் வளர்ச்சி நின்றுவிடும். 2007ஆம் ஆண்டில் தொடங்கிய எக்கோவேட்டிவ் என்ற அமெரிக்க நிறுவனம் இதை வியாபாரமாக்கியது. டெல் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் தன் கணினிச் சாதனங்களை இதில் வைத்து அனுப்பத் தொடங்கியது.

நான்காவது, மாவுச்சத்துப் பொரி. சோளமாவைப் பொரித்தெடுத்த உருண்டைகள். ஒரு குவளைத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். நுரை உருண்டை கரையாமல் மிதக்கும். இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க இதுவே எளிய சோதனை.

மலேசியாவுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஒரு டன் செம்பனைக் குலையிலிருந்து பழங்களைப் பிரித்தெடுத்தபின் 200 கிலோவுக்கு மேல் வெறுங்குலை எஞ்சுகிறது. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குவியலைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த நாரைக் கூழாக்கித் தட்டுகள் வார்க்க முடியும். ஆனால் வெறுங்குலையை மரத்தடியில் பரப்புவது மண்ணுக்கு உரமாகவும் ஆகிறது. மண்ணுக்குரியதை விட்டுவைத்து, மிஞ்சியதை எடுப்பதே முறை.

நம் ஊர் ஈரமும் பூச்சியும்

வெளிநாட்டில் வெற்றி பெற்றதை அப்படியே இங்கே இறக்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஈரக்காற்றில் அட்டை தளர்ந்துவிடும். நல்ல மழைக்கால ஈரத்தில், உலர்ந்த நிலையில் தாங்கும் பாரத்தில் பாதியைக்கூட ஒரு பெட்டி தாங்காமல் போகலாம். மாவுப்பொரி பிசுபிசுத்து எறும்பை அழைக்கும். ஆகவே வாரக்கணக்கில் கப்பலில் போகும் சரக்குக்கு இன்னும் கனமான அட்டை வேண்டும்; உலர்ந்த இடத்தில் வைக்கவும் வேண்டும்.

பழையபடி வைக்கோலையே வைத்துக் கட்டலாமே என்று சிலர் கேட்பதுண்டு. உள்ளூருக்குள் சரி. ஆனால் வைக்கோலோடு பூச்சியும் விதையும் நாடு கடக்கும் என்பதால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் அதை அனுமதிப்பதில்லை. மரப்பெட்டிக்கும் பலகைத் தட்டுக்கும்கூட அனைத்துலக விதி உண்டு. மரத்தின் உள்மையம் வரை 56 பாகை செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைப்பது போன்ற ஏற்கப்பட்ட முறையில் பதப்படுத்தி முத்திரை குத்த வேண்டும்.

‘மக்கும்’ என்று எழுதியிருந்தால் போதுமா?

போதாது. மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கப்படும் பலவும் சுமார் 60 பாகை வெப்பமுள்ள உரத் தொழிற்கூடத்தில்தான் மக்கும். சிங்கப்பூரில் மறுசுழற்சிக்குப் போகாத வீட்டுக் குப்பை எரியாலைக்குப் போகிறது. சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. எரியப்போகும் பை மக்கும் பையாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? செமாக்காவ் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. சில பிளாஸ்டிக் பைகள் மக்குவதே இல்லை. பொடிப்பொடியாக உடைகின்றன, அவ்வளவுதான். அந்த வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021ஆம் ஆண்டில் தடை செய்தது.

ஆகவே கேள்வி ஒன்றே. இந்தப் பெட்டி போய்ச் சேரும் ஊரில், பிரித்த பிறகு இது எங்கே போகும்? காகிதமும் அட்டையும் முந்துவது இந்த இடத்தில்தான். அவற்றை வாங்கிக்கொள்ளப் பழைய காகிதக்காரர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

சிறு வியாபாரி என்ன செய்யலாம்?

ஜொகூரில் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து அனுப்பும் ஒரு குடும்பத்தலைவியை நினைத்துப் பார்க்கலாம். ஒரு பாட்டில் உடைந்தால் அந்த ஒன்றோடு போவதில்லை. எண்ணெய் வழிந்து மற்றவையும் வீண். வாடிக்கையாளரும் போய்விடுவார். பூமியைக் காக்கச் சொல்லி அவருடைய பிழைப்பில் மண் போட முடியாது. உடைந்த பொருளை மறுபடி செய்து, மறுபடி அனுப்புவதும் சுற்றுச்சூழலுக்குக் கேடுதான்.

அவர் செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

பாட்டிலுக்கு ஏற்ற பெட்டியை எடுக்க வேண்டும். பெரிய பெட்டி எடுத்து நிரப்பு வைப்பதைவிட, நிரப்பே தேவைப்படாத பெட்டி மேல்.

பாட்டில்களுக்கு நடுவே நெளிவு அட்டைத் தடுப்பு வைக்க வேண்டும். கண்ணாடியும் கண்ணாடியும் தொடக்கூடாது. ஆறு பக்கமும் இரண்டு விரற்கடையாவது மெத்தை வேண்டும்.

கட்டி முடித்ததும் பெட்டியைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டால் மறுபடி கட்ட வேண்டும். பிறகு தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வைத்து, இடுப்பளவு உயரத்திலிருந்து ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். தேறிய பிறகே ஊறுகாய்.

வீட்டுக்கு வந்த பெட்டியையும் குமிழித் தாளையும் வீசாமல் எடுத்துவைக்க வேண்டும். ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்ட பிளாஸ்டிக்கை இன்னும் நான்கு முறை பயன்படுத்துவது, புதிய காகிதம் வாங்குவதைவிடக் குறைந்த கேடு.

பெரியவர்களின் பொறுப்பு

சிறியவர்களை மட்டும் திருத்தினால் போதாது. சிங்கப்பூரில் ஆண்டு வருவாய் 10 மில்லியன் வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்கள், தாங்கள் எவ்வளவு பொட்டலப் பொருளைச் சந்தையில் விடுகின்றன என்பதை 2021 முதல் கணக்கெடுத்துத் தெரிவிக்க வேண்டியுள்ளது. அமேசான் நிறுவனம் இந்தியாவிலுள்ள தன் கிடங்குகளில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் உறையை 2020ஆம் ஆண்டில் நிறுத்தியது. வட அமெரிக்காவில் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளுக்குப் பதில் காகித நிரப்புக்கு மாறுவதாக 2024ஆம் ஆண்டில் அறிவித்தது. மனம் வைத்தால் கோடிக்கணக்கான பெட்டிகளிலும் மாற்றம் முடியும் என்பது இதில் தெரிகிறது. வாங்குகிறவர் கேட்டால்தான் விற்கிறவர் மனம் வைப்பார்.

பெலித்துங் கப்பலின் கிண்ணங்களை அடுக்கிய கைகள் யாருடையவை என்று யாருக்கும் தெரியாது. அசையாமல் அடுக்கத் தெரிந்திருந்தது. அந்த வேலை இன்றும் நிற்கிறது. இன்று ஒரே ஒரு குவளைக்காகச் சுற்றும் பிளாஸ்டிக்கும் பல தலைமுறைக்கு நிற்கும். எதை விட்டுச் செல்வது என்பது, அடுத்த பெட்டியை ஒட்டுவதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவு.