சந்தை மொழிக்கு வரிவடிவம்

சினூக் வாவா, வட அமெரிக்கப் பசிபிக் கரையில் பழங்குடியினரும் வணிகரும் பேசிய கலப்புமொழி. வந்தேறியோர் அதனைத் தத்தம் செவிக்கேற்ப ஆங்கில, பிரெஞ்சு முறைகளில் எழுதினர்; ஒரே சொல் பல உருப்பெற்றது. 1891இல் கனடாவின் கம்லூப்சில் பாதிரியார் லெ ஜூன், பிரெஞ்சுச் சுருக்கெழுத்தில் அம்மொழிக்கு இதழொன்று தொடங்கினார். பழங்குடியினர் அதனை விரைந்து கற்றனர். ஆங்கில எழுத்துக்கூட்டலின் குழப்பம் அதில் இல்லை என்பதே காரணம் எனக் கருதுகிறோம். ஆயினும் அடித்தொண்டை ஒலிகளை அது பெரும்பாலும் வேறுபடுத்தவில்லை. பிறப்பியல் பயின்ற நமக்கு இது சிறு குறையன்று. பேசுவோரின் ஒலியே அங்கு மறைகிறது. பின்னர் ஓரிகனின் கிராண்டு ரோண்டு மக்கள் அவ்வொலிகளுக்கும் தனிக்குறி வகுத்தனர். ஆங்கிலம் பழகிய கண்ணுக்கு அக்குறிகள் கடுமையானவை. எனினும் 2012இல் வெளிவந்த அவர்தம் அகராதி அம்முறையிலேயே அச்சாகியுள்ளது.